மேல்வளைவில் கட்டிய வெள்ளைத் துணி

பேருந்து ஓட்டும் கொஸ்தாபிலே யாரையும் விட்டுவிட்டுப் போனதில்லை என்று தென் இத்தாலியின் மலையூரான ரோக்கவேந்தோவில் சொல்வார்கள். அவருக்கு நிலம் என்று இருந்தது சில ஒலிவ மரங்களும், அத்திப்பழம் காயவைக்கும் அளவுக்கு ஒரு கூரையும்தான். ஆனாலும் ஊரார் தம்மைப் பற்றிச் சொல்லும் அந்த ஒரு பேச்சு தமக்கு இருக்கிறது என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதி உண்டு.

இளவயதில் அவர் ஜெர்மனிக்குப் போய்க் கார்த் தொழிற்சாலையில் கதவு பொருத்தினார். அங்கே எல்லோரும் அவரைக் குடும்பப் பெயரால் மட்டுமே கூப்பிட்டார்கள். அதையும் தப்பாகவே உச்சரித்தார்கள். சேர்த்த காசோடு சொந்த மலைப்பகுதியான சிலெந்தோவுக்குத் திரும்பி, காய் மூட்டை ஏற்றும் லாரி ஓட்டினார். பிறகு ஊரிலிருந்து கீழே கடற்கரையூரான மரீனாவின் ரயில் நிலையத்துக்கு இறங்கும் பேருந்து அவர் கைக்கு வந்தது. அந்த மலைகள் கடலுக்குள் கால் நீட்டிக் கிடப்பவை. சாலை ஒவ்வொரு காலாகச் சுற்றிச் சுற்றி இறங்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒலிவமும் வானமும் கடலும். பயணிகள் கடல் பக்கமே உட்காருவார்கள், பிறந்ததிலிருந்து பார்த்த கடலாக இருந்தாலும்.

கால அட்டவணையில் பேருந்துக்கு நிறுத்தங்கள் சிலவே உண்டு. வீடுகளோ அட்டவணையைப் பார்த்துக் கட்டப்பட்டவை அல்ல. ஊருக்குக் கீழே முதுகுமேட்டில் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குச் சாலையின் மேல்வளைவுதான் பக்கம். அது குருட்டு வளைவு. வண்டி அங்கே நின்றால் பின்னால் வருபவன் வந்து மோதுவான். ஆகையால் போக வேண்டியவர் மேல்வளைவின் இரும்புக் கம்பியில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டு, தோப்புக்குள் இறங்கும் கல்படிகளில் நடக்கத் தொடங்குவார். பேருந்து மலைக்காலைச் சுற்றிக்கொண்டு அகலமான கீழ்வளைவுக்கு வரும்போது அவரும் அங்கே வந்து சேர்வார். சேராவிட்டால் ஓட்டுநர் காத்திருப்பார். துணி தொங்கினால் ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்று பொருள். கோவேறு கழுதைகள் சுமை இறக்கிய காலத்து ஏற்பாடு அது. எந்த அலுவலகத்திலும் அது பதிவானதில்லை. ஒருநாளும் அது பொய்த்ததும் இல்லை.

முதுகுமேட்டில் இருந்தவர்களில் வெனெராந்தா ஒருத்தி. கணவன் இறந்த பிறகு, வெளிநாட்டார் வாடகைக்கு எடுக்கும் வீடுகளைப் பெருக்கித் துடைத்து மகளை வளர்த்தவள். அந்த மகளின் ஞானஸ்நானத்தில் தொட்டியருகே குழந்தையை ஏந்தி நின்றவர் கொஸ்தாபிலே. எனவே இருவரும் ஒருவருக்கொருவர் கும்பாதிரி, கும்மாதிரி. அந்த மலையில் அது இரத்த உறவைவிட ஒரு படி மேல். கூடப் பிறந்தவர்கள் சண்டை போட்டுக்கொள்ளலாம். கும்பாதிரிகள் போட்டுக்கொள்ளக் கூடாது. ஒருவரையொருவர் ஒருமையில் அழைப்பதும் இல்லை. பேருந்தில் ஓட்டுநருக்கு நேர்பின்னால் உள்ள இருக்கை அவளுடையது என்பது பேசாமலே தீர்மானமாகியிருந்தது.

செப்டம்பர் மாதத்தில் மேல்வளைவை ஒட்டிய வீட்டுக்கு ஒல்லாந்து நாட்டுத் தம்பதி வந்து தங்கினார்கள். கடற்கரை மலைகளை நடந்தே கடக்கப் புறப்பட்டவர்கள். அந்த வாரம் அங்கிருந்தபடி சுற்றிப் பார்த்தார்கள். கடலில் குளித்துவிட்டு வந்து நனைந்த துண்டுகளை வாசலுக்கு எதிரே இருந்த இரும்புக் கம்பியில் உலர்த்தினார்கள். வெயில் படும் கம்பி. துண்டு உலர்த்த அதைவிட நல்ல இடம் இல்லை. அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது.

கொஸ்தாபிலே துணியைப் பார்த்தார், வெள்ளையில்லாவிட்டாலும் யாராவது அவசரத்தில் கட்டியிருக்கலாம் என்று கீழ்வளைவில் நிறுத்தினார், காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கடைசி இருக்கையிலிருந்து ஜெரார்தோ தொடங்கினார். ஓய்வுபெற்ற தபால்காரர், மருந்து வாங்கவும் வம்பு பேசவும் நாள்தோறும் கீழே இறங்குகிறவர்.

"யாருக்குப்பா காத்திருக்கோம்? துண்டு காஞ்சதும் அதுவே நடந்து வந்து ஏறிக்குமா?"

பேருந்து முழுவதும் சிரித்தது. முந்தின நாள் ஒரு பெண்ணுக்கு ரயில் தவறிவிட்டதால் சிரிப்பில் கொஞ்சம் எரிச்சலும் கலந்திருந்தது. மாலைக்குள் காப்பியும் மதுவும் விற்கும் கடையில் அவருக்குத் துண்டுச் சாமி என்று பெயர் வைத்தாயிற்று. பட்டப்பெயர் வைப்பதில் அந்த ஊர் தாமதிப்பதில்லை. எடுப்பதில்தான் தாமதம், பெரும்பாலும் கல்லறை வரைக்கும். கொஸ்தாபிலே காப்பிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாளை முதல் எந்தத் துணிக்கும் வண்டி நிற்காது என்று எல்லோரும் கேட்கச் சொன்னார்.

வெனெராந்தா இதைக் கேள்விப்பட்டு அன்றே அந்தத் தம்பதியிடம் போனாள். கை ஜாடையாலும் தெரிந்த சில சொற்களாலும் விஷயத்தை விளக்கினாள். அவர்களுக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. மறுநாள் காலை ஊர்ச் சதுக்கத்துக்கு ஏறி வந்து பேருந்துக்குக் காத்திருந்தபோது, ஒல்லாந்துக்காரி கொஸ்தாபிலேயின் முன்னால் நின்று, பையிலிருந்து இரண்டு துண்டுகளையும் எடுத்துக் காட்டி, கம்பியில் இனி இல்லை என்று தலையை ஆட்டி மன்னிப்புக் கேட்டாள். ஒரு துண்டு மஞ்சள், ஒன்று நீலம். கணவனும் மனைவியும் முன்னிருக்கையில் உட்கார்ந்தார்கள். துண்டுகள் பையின் வாயிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

இவ்வளவும் நடந்த பிறகு, மேல்வளைவில் அன்று தொங்கியது என்ன என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்திருக்க வழியில்லை. அது வெள்ளை. சமையலறைத் துணி. நன்றாக முடிச்சிட்டுக் கட்டப்பட்டிருந்தது. மற்றவர்களின் கண் கம்பிக்கு அப்பால் கடலில் இருந்ததால் கம்பியைப் பார்த்தவர் அவர் ஒருவரே.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஜெரார்தோவின் குரல் வந்தது.

"என்ன சாமி, இன்னிக்குக் கொடியில என்ன காயுது?"

"ஒண்ணும் இல்ல," என்றார் கொஸ்தாபிலே.

சிரிப்புக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதைத் தவிர அந்தச் சொல்லுக்கு வேறு காரணம் இல்லை. ஆனால் சொல்லியாயிற்று. ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகு கீழ்வளைவில் எதற்காக நிறுத்துவது? மலைக்காலைச் சுற்றும்போது யோசித்தார். ஆள் முன்கூட்டியே வந்து நின்றால் ஏற்றிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தார். கீழ்வளைவு வெறுமையாக இருந்தது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். பிறகு கூட்டினார்.

அப்போது பக்கக் கண்ணாடியில் வெனெராந்தாவைப் பார்த்தார். ஒலிவ மரங்களுக்கிடையிலிருந்து ஓடி வந்தாள். நல்ல சட்டை, கறுப்புப் பாவாடை, கையில் ஒரு காகித உறை. ஞாயிற்றுக்கிழமைச் செருப்போடு அந்தப் படிகளில் வேகமாக இறங்க முடியாது. கையை உயர்த்தினாள். கண்ணாடிக்குள் அவள் சிறிதாகிக்கொண்டே போனாள். கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது, அழுத்தவில்லை. பின்கண்ணாடியை விளம்பரத் தாள் மூடியிருந்ததால் வேறு யாரும் பார்க்கவில்லை. அடுத்த வண்டியில் வந்துவிடுவாள், கடைக்குத்தானே போகிறாள் என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். கடைக்குப் போகிறவள் அந்தச் சட்டை போடமாட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும்.

அன்று மாவட்டத் தலைநகரான சலேர்னோவில் பள்ளிக்கூடப் பணியாளர் தேர்வு. கதவு திறப்பது, மணி அடிப்பது, வகுப்பறை கூட்டுவது. ஆனால் அரசாங்க வேலை, நிரந்தரம். ஏற்கெனவே இருமுறை எழுதித் தோற்றிருந்ததால் இந்த முறை அவள் யாரிடமும் சொல்லவில்லை, கும்பாதிரியிடம்கூட. சொன்னால் கடையில் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள். கீழே போகும் ஒரு சுண்ணாம்பு லாரியில் ஏறி, அடுத்த ரயிலைப் பிடித்து அவள் போய்ச் சேர்ந்தபோது பெயர் வாசித்து முடித்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். கதவருகே நின்ற காவலர் நல்லவர்; உட்கார நாற்காலி கொடுத்தார். திறக்க அவருக்கு அதிகாரமில்லை.

மாலையில் அவள் மரீனாவில் கொஸ்தாபிலேயின் பேருந்தில்தான் ஏறினாள். தன் இருக்கையில் உட்கார்ந்து, வண்டி ஊர் எல்லையைத் தாண்டிய பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"காலையில துணியைப் பாக்கலையா, கும்பாதிரி?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் அமைந்திருக்காது. வண்டியில் ஆள் குறைவு, ஜெரார்தோ இல்லை, அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை.

"துணி இல்லையே, கும்மாதிரி. காத்துல விழுந்திருக்கும்."

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அதை ஏற்றுக்கொண்டாள். எளிதாக ஏற்றுக்கொண்டாள் என்பதுதான் அவரைக் கொன்றது.

"அவசரத்துல முடிச்சைச் சரியாப் போடலை போல. நீங்க இருந்தும் நான் விட்டுட்டேன் பாருங்க."

வீட்டுக்குப் போய்க் கொஸ்தாபிலே சாப்பிடவில்லை. உப்பிட்ட நெத்திலியும் தக்காளியும் தட்டில் அப்படியே இருந்தன. வீட்டில் கேட்டவர்களிடம் வயிறு சரியில்லை என்றார். அன்றைக்கு அவர் சொன்ன மூன்றாவது பொய் அது.

தேர்வு விஷயம் மறைக்க முடியாமல் வெளியே வந்தது. ஊர் அவளுக்காகப் பரிதாபப்பட்டது. பரிதாபத்தோடு சிரிக்கவும் செய்தது. ஒரு துணியை ஒழுங்காகக் கட்டத் தெரியாதவளிடம் பள்ளிக்கூடத்துச் சாவியை எப்படிக் கொடுப்பார்கள் என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு அவள் துணியின் நுனிகளில் நாடா தைத்து, கம்பியில் இரட்டை முடிச்சாகக் கட்டினாள். ஒவ்வொரு முறையும் கொஸ்தாபிலே அந்த நாடாவைப் பார்த்தபடியே மேல்வளைவைக் கடந்தார்.

ஊராட்சி எழுத்தர் ஒரு வழி சொன்னார். பொதுப் போக்குவரத்தின் தவறால் வரமுடியாமல் போனவர்களுக்குத் துணைத் தேர்வு ஒன்று உண்டு. அந்த வார முடிவுக்குள் பேருந்து நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொண்டால் போதும். வெனெராந்தா தலையசைத்து மறுத்துவிட்டாள். பேருந்துமேல் என்ன தவறு, தவறு தன் முடிச்சின் மேல்தான் என்றாள். கும்பாதிரியின் வேலைக்குத் தன்னால் இடைஞ்சல் வரக் கூடாது என்றும் சொன்னாளாம். இதைக் கொஸ்தாபிலேயிடம் சொன்னவர் எழுத்தர்தான். அவளைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

கொஸ்தாபிலே அந்த வாரம் முழுவதும் தமக்குள் வழக்காடினார். துணி ஏற்பாடு வெளியே தெரிந்தால் நிறுவனம் அதைத் தடை செய்யும். முதுகுமேட்டு வீடுகள் எல்லாம் பாதிக்கப்படும். ஒருத்திக்காகப் பலரைக் கெடுப்பது நியாயமா? வாதம் சரியாகவே இருந்தது. ஆனால் அந்த வாதம் கீழ்வளைவில் தமக்குத் தோன்றவில்லை என்பதையும், பிறகு வசதிக்காக வரவழைத்துக்கொண்டது என்பதையும் அவர் அறிந்திருந்தார். கடைசி நாளன்று மதியம் மரீனாவில் இருந்த பணிமனை அலுவலகத்துக்குப் போனார். அப்போதும் முழு உண்மையோடு போகவில்லை. கவனக்குறைவால் ஒரு பயணியை விட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லி, கடிதத்தை வாங்கி, யாருக்கும் தெரியாமல் காரியத்தை முடித்துவிடலாம் என்பது திட்டம். பாவம் கழுவப்படும், ஆனால் முகத்தில் தண்ணீர் படாது.

மேலாளர் இளைஞர்; நாப்போலிக்காரர். அட்டவணையைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், மறுபடி அட்டவணையைப் பார்த்தார்.

"இங்க நிறுத்தமே கிடையாதே. இல்லாத நிறுத்தத்துல நிக்கலைன்னு நான் எப்படிங்க எழுதித் தர்றது?"

பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இதுவரை அங்கே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தீர்களா என்று கேட்டார். கொஸ்தாபிலேயால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. கடிதம் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஓர் எச்சரிக்கையும், இனி அட்டவணைக்கு வெளியே எங்கும் நிற்கக் கூடாது என்ற உத்தரவும் கிடைத்தன.

திங்கட்கிழமை அந்த உத்தரவு பேருந்துக் கதவில் ஒட்டப்பட்டது. முதுகுமேட்டார் மேலே ஊரிலுள்ள தேவாலய நிறுத்தம் வரை நடந்து ஏற வேண்டியதாயிற்று. முட்டி வலிக்காரர்களுக்கு அந்த ஏற்றம் சின்ன விஷயமல்ல. காரணம் தேட அவர்களுக்கு நேரமே ஆகவில்லை. துணைத் தேர்வுக்காக வெனெராந்தா புகார் கொடுத்திருக்கிறாள், அதனால்தான் நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கிறது என்றார்கள். கொஸ்தாபிலே கேட்டுக்கொண்டிருந்தார். மறுப்பதற்கு அவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் அந்த வாக்கியத்தின் பின்னால் மற்றவையும் வரிசையாக வெளியே வரும்.

புதன்கிழமை காலை வெனெராந்தா தேவாலய நிறுத்தத்தில் மூச்சு வாங்க ஏறினாள். அவளுக்கு யாரும் வணக்கம் சொல்லவில்லை. வண்டி நகர்ந்ததும் ஜெரார்தோ தம் பக்கத்தில் இருந்தவரிடம், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நமக்குக் கால் ஒடிஞ்சா என்ன, அம்மாவுக்கு அரசாங்க உத்தியோகம் வேணும்ல."

"நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லலை, ஜெரார்தோ."

"அப்ப மேல்வளைவுல இருக்கிற கம்பி போய்ச் சொல்லிச்சா?"

சிலர் சிரித்தார்கள். வெனெராந்தா முன்பக்கம் திரும்பினாள். அவள் குரல் உடையவில்லை; சோர்ந்திருந்தது.

"கும்பாதிரி, நீங்களாவது சொல்லுங்க. நான் புகார் குடுக்கிறவளா?"

பேருந்து அப்போது கீழ்வளைவுக்கு வந்திருந்தது. நிற்கக் கூடாத இடம். கொஸ்தாபிலே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். எழுந்து திரும்பி நிற்க முயன்றார், முடியவில்லை. உட்கார்ந்தபடியே, சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அவங்க குடுக்கலை. பணிமனைக்குப் போனது நான். அன்னிக்குத் துணி இருந்துச்சு. நல்லாத்தான் கட்டியிருந்துச்சு. நான் பாத்தேன். ஜெரார்தோ கேட்டப்ப, சிரிப்பீங்கன்னு, இல்லைன்னு சொல்லிட்டேன். சொன்னதுனால இங்க நிறுத்தலை."

அதோடு விட்டிருக்கலாம். யாரும் மேலே கேட்கவில்லை.

"அவங்க ஓடி வந்ததையும் கண்ணாடியில பாத்தேன். கையத் தூக்கினாங்க. பாத்துட்டுத்தான் போனேன்."

ஜெரார்தோ தம் மருந்துச் சீட்டை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். யாராவது திட்டுவார்கள் என்று கொஸ்தாபிலே எதிர்பார்த்தார். அது ஓர் உதவியாக இருந்திருக்கும்.

வெனெராந்தா எழுந்தாள். ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த தன் இருக்கையிலிருந்து பையை எடுத்துக்கொண்டு, நடுக்கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ரயிலுக்கு நேரமாச்சு, டிரைவர்," என்றாள். "வண்டியை எடுங்க."

அவர் எடுத்தார்.

ஊர் அவரைத் தள்ளி வைக்கவில்லை. கடையில் அவருக்குக் காப்பி கிடைத்தது. பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். பெயர் போனது மரியாதையால் அல்ல என்பது அவருக்குப் புரிந்தது. வெனெராந்தாவிடம் முதுகுமேட்டார் ஒவ்வொருவராகப் போய்ப் பேசினார்கள். அத்திப்பழமும் ரொட்டியும் கொண்டுபோனார்கள். அவள் எல்லோரிடமும் பழையபடி பேசினாள். கொஸ்தாபிலேயிடமும் பேசினாள். காலை வணக்கம், மாலை வணக்கம், நன்றி டிரைவர். தேவாலய நிறுத்தத்தில் பயணச்சீட்டோடு நின்று, ஏறியதும் இயந்திரத்தில் தானே அதைத் துளையிட்டுக்கொள்வாள். ஈஸ்டருக்கு அவருடைய ஞானமகள் மட்டும் தனியாக வந்து கன்னத்தில் முத்தமிட்டுப் போனாள். அம்மா எங்கே என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மறு ஆண்டு இலையுதிர் காலத்தில் தேர்வு திரும்ப வந்தது. வெனெராந்தா விண்ணப்பித்திருப்பதாக எழுத்தர் மூலம் அவர் அறிந்தார். அன்று காலை பேருந்தைக் கழுவி, ஜன்னல்களைத் துடைத்து, நேரத்துக்கு முன்பே தேவாலய நிறுத்தத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். புறப்படும் நேரம் வந்தது, போயிற்று. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றப் பாதையில் தலை ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பயணிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்களே தவிர, ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

ஜெரார்தோ கடைசி இருக்கையிலிருந்து எழுந்து முன்னால் வந்தார். கொஸ்தாபிலேயின் காதருகே குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"அவ விடியறதுக்கு முன்னாடியே ரொட்டி வண்டியில மரீனாவுக்கு எறங்கிட்டா, கொஸ்தாபிலே. நீ எடு."